ஆட்டிப் பார்த்த நாற்காலி

வாடகைக்கு நாற்காலி விடுகிறவர் வீட்டில் அன்று மாலை முதன்முதலாக ஒரு விருந்து. ஊரில் அவரை நாற்காலிக்காரர் என்றுதான் சொல்வார்கள். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் விருந்தினர் வருமுன் போய் நாற்காலிகளைப் போடுவார். அவர்கள் போன பின் மடக்கி எடுத்து வருவார். நடுவில் நடப்பதை அவர் பார்த்ததில்லை.

வண்டியில் ஏற்றுமுன் ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்ப்பது அவர் மனைவியின் வேலை. "நான் உட்கார்ந்து உடையலைன்னா ஊர்ல யாரு உட்கார்ந்தாலும் உடையாது" என்று தன் பருமனைத் தானே கேலி செய்துகொள்வாள். கூடவே, "ஒரு நாளாவது நம்ம வாசல்ல போட்டு நாலு பேரை உட்கார வைக்கணுங்க" என்பாள். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று அவரும் வருஷா வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தார். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

இன்று அவள் பிறந்தநாள். சமையல்காரர், மைக் செட் போடுகிறவர், பூ அலங்காரம் செய்கிறவர், படம் எடுக்கிறவர் என்று கூட வேலை செய்கிறவர்களையெல்லாம் ஒரு மாதத்துக்கு முன்பே அழைத்துவிட்டார். எல்லோரும் வருவதாகத்தான் சொன்னார்கள். அன்றைய தேதிக்கு வந்த ஆர்டர்களை, என்ன ஏது என்று கேட்காமலே அவர் மறுத்துவிட்டார். தனக்கு வேலை இல்லாத நாளில் ஊருக்கே வேலை இருக்காது என்று நினைத்துவிட்டார்.

வாசலில் துணி விரித்த மேஜை, நடுவில் கேக், சுற்றிலும் நாற்காலிகள். ஒன்றின் முதுகில் மட்டும் அவளுடைய நீலத் துண்டைப் போட்டிருந்தார். அதில் யாரும் உட்காரக் கூடாது. விளக்கு போட்டாயிற்று. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கேக்கில் உட்கார வந்த ஈயை விரட்டிக்கொண்டிருந்தார்.

கைபேசி அடித்தது. சமையல்காரர்தான்.

"அண்ணே, கோவிச்சுக்காதே. பக்கத்துத் தெரு மண்டபத்துல கல்யாண வரவேற்பு. நாற்காலி கொண்டு வர்ற வண்டி வழியில படுத்துருச்சாம். வயசானவங்கல்லாம் சுவத்துல சாஞ்சு நிக்கிறாங்க."

"நீ அங்கேயா இருக்கே?"

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம்தான் கேட்டது.

"மைக்கு?"

"எல்லாரும் இங்கதான்ண்ணே. அப்புறமா வந்த ஆர்டர். உன்கிட்ட யாரு சொல்றதுன்னு ஆளாளுக்கு மூஞ்சியப் பார்த்துக்கிட்டே இருந்துட்டோம்."

குடோனில் இருப்பதோடு வாசலில் போட்டதையும் எடுத்தால்தான் ஒரு மண்டபம் நிறையும். எடுத்துவிட்டால் அவளுக்குக் கொடுத்த வாக்கு இந்த வருஷமும் போயிற்று. 'கடவுளே, ஒரு நாள்தானே கேட்டேன்' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். உடனேயே சுவரில் சாய்ந்து நிற்கும் கிழவர்கள் கண்ணில் வந்தார்கள். முதல் நாற்காலியை மடக்கினார்.

ஏற்றுவதற்கு மண்டபத்திலிருந்து மைக் செட்காரர் ஓடி வந்தார். எந்த மைக்கைப் பிடித்தாலும் அதையே நூறு தடவை சொல்வதால் அவருக்கு 'ஹலோ' என்று பெயர். இன்று வாய் திறக்காமல் தூக்கிப் போட்டார். நீலத் துண்டு நாற்காலியைத் தொடப்போனவரை நாற்காலிக்காரர் தடுத்தார்.

"அது வேண்டாம்பா."

ஆனால் காலி வாசலில் அதைத் தனியாக விட்டுவர மனம் வரவில்லை. மடக்கி, வண்டியில் தன் பக்கத்து இருக்கையில் சாய்த்து வைத்துக்கொண்டார். ஹலோ கேக்கை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் நாற்காலிகளோடு உட்கார்ந்தார்.

மண்டபத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா, வழியில் நின்ற வண்டிக்காரர் இவர்தான் என்று நினைத்துப் பாய்ந்து வந்தார். "இப்பதான் உமக்கு வழி தெரிஞ்சுதா? மானத்தை வாங்கிட்டீரே!"

"மன்னிச்சுக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலிக்காரர் வேலையைப் பார்த்தார். அவர் விரிக்க விரிக்க ஆட்கள் உட்கார்ந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டு உட்கார்ந்தார்.

பின்கட்டில் சமையல்காரர் காய் நறுக்கும் கத்தியாலேயே கேக்கை வெட்டினார். வேலைக்கு நடுவில் ஒவ்வொருவராக வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு துண்டு கேக்கை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். "அண்ணி இருந்திருந்தா நமக்கு இன்னைக்கு அர்ச்சனைதான்" என்றார் ஹலோ. யாரும் சிரிக்கவில்லை. நாற்காலிக்காரர்தான் சிரித்தார்.

குழாயடியில் ஓர் அம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேக் வாங்கக்கூட அவள் நகரவில்லை. கால்கள் வீங்கியிருந்தன. ஒரு காலில் நின்று இன்னொன்றுக்கு ஓய்வு கொடுத்தாள். பிறகு மாற்றிக்கொண்டாள். நாற்காலிகள் எல்லாம் முன்னால் கூடத்தில் இருந்தன.

நாற்காலிக்காரர் வண்டியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு போய் அந்த நாற்காலியை எடுத்து வந்தார். துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, அது அண்ணிக்குன்னு வச்சதாச்சே" என்று சமையல்காரர் தயங்கினார்.

"அவ உட்காராத நாற்காலி என்கிட்ட ஏதுப்பா?"

அந்த அம்மாள், "ஐயோ, நான் ஈரமா இருக்கேங்க" என்று பின்வாங்கினாள்.

"ஈரம் காஞ்சுடும். உட்காரும்மா."

அவள் உட்கார்ந்தாள். நாற்காலி கிறீச்சென்றது. பதறி எழப்போனாள்.

"பயப்படாதே, உடையாது. என் வீட்டுக்காரி ஆட்டிப் பார்த்தது."

அவள் முழுப் பாரத்தையும் விட்டுச் சாய்ந்துகொண்டாள். அவர் ஒரு துண்டு கேக்கை அவள் கையில் கொடுத்தார். "யாருக்குப் பொறந்தநாளுங்க?" என்று அவள் கேட்டது கூடத்தில் எழுந்த கைதட்டலில் அமுங்கிப் போயிற்று.

பிறகு வண்டிக்குப் போய், காலியான பக்கத்து இருக்கையில் நீலத் துண்டை மடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். வழக்கமாக, எல்லோரும் சீக்கிரம் எழுந்து போனால் தேவலை என்று நினைப்பார். இன்று அப்படி நினைக்கவில்லை. உட்கார்ந்திருக்கட்டும்.