கணவாயில் எறிந்த பை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. இந்தக் கதையில் ரத்தம் இருக்கிறது, பல் உடைகிறது, நாய் கடிக்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டே படியுங்கள்.

மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் அல்வானி ஊரில் லகாசாவைத் தெரியாதவர் கிடையாது. கோடை வந்துவிட்டால் சைக்கிள்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஸ்தோரி ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறி, அபானோ கணவாயைத் தாண்டி, துஷேத்தி மலைநாட்டுக்குள் இறக்கிவிடுவது அவன் பிழைப்பு. ஆட்டுக்கொம்பு போல வளைந்த கைப்பிடியும் தடித்த டயருமாகச் சரளைக்கல் பாதைக்கென்றே செய்த சைக்கிள்கள் அவை. அந்த ஆகஸ்டில் மழை நாலைந்து இடத்தில் பாதையை அரித்திருந்தது. ஆட்கள் வருமுன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வர, தங்கை தாரோவின் கணவன் சூராபைத் துணைக்குக் கூப்பிட்டான். சூராப் கீழ்நாட்டுத் திராட்சைத் தோட்டத்து ஆள். அகன்ற தோள், ஊரே திரும்பிப் பார்க்கும் சிரிப்பு. உடம்பில் சர்க்கரை வியாதி, தினமும் வயிற்றில் ஊசி.

கிளம்பும் நேரத்தில் தாரோ அண்ணனின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணே, அவருக்குச் சர்க்கரை எறங்கினா மொதல்ல கோவந்தான் வரும். காரணமே இல்லாம கத்துவாரு, கையக்கூட ஓங்குவாரு. நீ பதிலுக்குப் பேசாத. வாயில இனிப்ப வை, அவ்வளவுதான். சைக்கிள் முன்பையில சுர்ச்கேலா போட்டிருக்கேன்."

சுர்ச்கேலா என்பது அக்ரூட் பருப்பை நூலில் கோத்து, திராட்சைப் பாகில் தோய்த்துக் காயவைப்பது. ஒரு துண்டு போதும், செத்த கை உயிர்பெறும்.

"எனக்குத் தெரியாதாடி?" என்றான் லகாசா.

"உனக்குத் தெரியும். உன் கோவத்துக்குத் தெரியுமா?"

பதினேழாவது வளைவில் ஒரு இரும்புச் சிலுவை நிற்கிறது. லகாசாவின் அப்பா ஓட்டிய லாரி அங்கேதான் ஆற்றுக்குள் போனது. அவரோடு இன்னும் மூன்று பேர். மூட்டைகளை வெளியே இழுத்தபோது ஒரு பயணியின் துணிக்குள் பன்றிக்கொழுப்பு இருந்ததாம். துஷேத்திக்குள் பன்றிக்கறி போகக்கூடாது. போனால் மலை விடாது. எங்கள் ஆட்கள் சாமானை ஏற்றுமுன் இன்றும் கேட்டுவிட்டுத்தான் ஏற்றுவார்கள். லகாசா சைக்கிளை நிறுத்தி, புட்டியிலிருந்த சாச்சா என்னும் திராட்சைச் சாராயத்தில் ஒரு மடக்குக் குடித்து, ஒரு மடக்கைச் சிலுவைக்கடியில் ஊற்றினான். எப்போதும் செய்வதுதான். சூராப் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கு மேல் பாதை ஒரே ஏற்றம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் வெறும் காற்று. லகாசா முதலில் துஷேத்தியின் எல்லையான கணவாய்க்குப் போய்ச் சேர்ந்து அரைமணி நேரம் காத்திருந்தான். அப்புறம் சூராப் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். அந்தக் குளிர்காற்றிலும் அவன் முகத்தில் வேர்வை ஓடியது. உதடு மாவு பூசியது போல வெளுத்திருந்தது. உட்கார்ந்து, முன்பையைத் திறந்து, கையில் முதலில் தட்டுப்பட்டதை எடுத்துக் கடித்தான். பூண்டு வாசனையும் கொழுப்பு வாசனையும் வந்தது.

"என்ன மாப்ளே அது?"

"பாத்தா தெரியல? சாசேஜ்."

"மாட்டுக்கறியா?"

"நீ கேக்குறியா, உன் ஊரு கல்லு கேக்குதா?"

"மாப்ளே, வெளையாடாத. பன்னியா?"

"ஆமாடா, பன்னிதான்!" சூராப் எழுந்து நின்றான், கால் தள்ளாடியது. "போ, போய் மலைகிட்ட வத்திவை. உங்கப்பன் வண்டிய கவுத்தது பன்னி இல்லடா. தண்ணியப் போட்டுட்டு ஓட்டினான். ஊருக்கே தெரியும், உனக்கு மட்டுந்தான் தெரியாது."

லகாசா சாசேஜைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தான். சைக்கிளிலிருந்து பையை வாரோடு பிய்த்து, கையை வீசி எறிந்தான். அது சரிவில் இரண்டு முறை குதித்து, பாறைகளுக்கு நடுவே மறைந்தது.

அடுத்த நொடி சூராப் சைக்கிளிலிருந்து உருவிய காற்றடிக்கும் பம்பு லகாசாவின் நெற்றியில் இறங்கியது. ரத்தம் கண்ணுக்குள் வழிய, லகாசா குனிந்து அவன் வயிற்றில் முட்டினான். இரண்டு பேரும் கூர்க்கல்லில் உருண்டார்கள். சூராப் அவன் கழுத்தைப் பிடித்தான். லகாசா அவன் வாயில் குத்தினான், ஒரு முறை அல்ல, மூன்று முறை. முன்பல் ஒன்று உடைந்து லகாசாவின் கைமுட்டியில் குத்தி நின்றது. பள்ளத்தின் விளிம்புக்கு ஒரு முழம் இருக்கும்போது லகாசா மேலே வந்து, மார்பில் முழங்காலை ஊன்றி, பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்து ஓங்கினான்.

அப்போதுதான் சூராபின் கண்ணைப் பார்த்தான். அது அவனைப் பார்க்கவில்லை. எங்கேயோ பார்த்தது. கீழே கிடந்த கைகள் மீன் துடிப்பது போலத் துடித்தன.

தங்கை சட்டையைப் பிடித்த இடம் சுட்டது அவனுக்கு. ஓங்கிய கல்லை முட்டையைப் போல மெதுவாகக் கீழே வைத்தான். இனிப்பு பையில் இருக்கிறது. பை எங்கே?

அவனிடம் ரொட்டி இருந்தது, பாலாடைக்கட்டி இருந்தது, தண்ணீர் இருந்தது. ரொட்டியை வாயில் வைத்தான். சூராப் ரத்தத்தோடு துப்பினான். போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. சரிவில் இறங்கிப் பையைத் தேடினால் ஒரு மணி நேரம் ஆகலாம், அதற்கும் மேலும் ஆகலாம். துஷேத்திப் பக்கம் மூன்று வளைவு தாண்டினால் கிழட்டு இடையன் போர்ட்ஸோவின் கொட்டகை. அங்கே தேநீருக்குச் சர்க்கரை இருக்கும்.

சூராபைத் தன் சைக்கிள் இருக்கையில் தூக்கி வைத்து, இடுப்புவாரால் தன்னோடு சேர்த்துக் கட்டி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறக்கத்தில் ஓடினான். சூராப் என்னவோ உளறி, திமிறி, அவன் காது மடலைக் கடித்தான். இரண்டாவது வளைவில் டயர் சறுக்கியது. கட்டியிருந்ததால் இரண்டு பேரும் ஒன்றாகவே விழுந்து, ஒன்றாகவே தோல் உரிந்தார்கள். எழுந்தபோது சூராப் திமிறவில்லை. தலை தொங்கிவிட்டது. வாரை அவிழ்த்து, அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தரையோடு இழுத்தான் லகாசா.

கொட்டகை கண்ணில் பட்டதும் நாய்கள் வந்தன. காது அறுத்த மூன்று நாய்கள், ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி உயரம். இந்த மலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு லகாசா முதல் நாளே சொல்லும் பாடம் ஒன்று உண்டு: இறங்கு, சைக்கிளை நடுவில் நிறுத்து, அசையாதே, இடையன் வரும்வரை காத்திரு. அவனிடம் இப்போது சைக்கிளும் இல்லை, காத்திருக்க நேரமும் இல்லை. பெரிய நாய் சூராபின் கையை மோந்து உறுமியது. அந்தக் கையில் பன்றி வாசனை. லகாசா தன் இடது கையை அதன் வாய்க்குள் நீட்டிக் கொடுத்தான். அது கவ்வியது. இடது கையில் நாயைத் தொங்கவிட்டு, வலது கையால் மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு நடந்தான். இருபது அடி. அந்த இருபது அடியில் ஒரு முறைகூட அவன் கத்தவில்லை, கத்தினால் மற்ற இரண்டும் பாயும். வாசலில் சட்டைக் கையும் கொஞ்சம் சதையும் நாயோடு போயின. கதவை உதைத்துச் சாத்தினான்.

அலமாரியில் தேன் இருந்தது. சூராபை ஒருக்களித்துப் போட்டு, அவன் மார்பை முழங்காலால் அழுத்தி, தேனில் தோய்த்த இரண்டு விரலைக் கன்னத்துக்குள் விட்டுத் தேய்த்தான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் உடம்பு வெட்டி இழுத்து, பல் கிட்டியது, விரலோடு.

அந்தக் காட்சியைத்தான் போர்ட்ஸோ கதவைத் திறந்ததும் கண்டார். ரத்தம் வழியும் ஒருவன், ரத்தத்தில் கிடக்கும் இன்னொருவனின் வாயில் கையைத் திணித்து அமுக்குகிறான்.

"டேய் கொலகாரா! என் கூரைக்குள்ளயா?"

கழி இடது தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் மூலையில் கட்டியிருந்த நொண்டி ஆட்டுக்குக்கூடக் கேட்டிருக்கும். மறுபடி ஓங்கினார்.

"அடிங்க பெரியப்பா," என்றான் லகாசா. "நல்லா அடிங்க. கைய மட்டும் எடுக்க வச்சிராதீங்க. இவன் தாரோ புருஷன்."

கழி அந்தரத்தில் நின்றது. தேன் ஜாடியைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். உட்கார்ந்து ஜாடியைப் பிடித்துக்கொண்டார்.

கால்மணி நேரம் கழித்து சூராப் கண் திறந்து, நாக்கால் ஈறைத் துழாவினான்.

"யார்றா என் பல்ல ஒடச்சது?"

"நான்தான்," என்றான் லகாசா.

"உன் விரல்?"

"நீ."

"தோள் என் வேலை," என்றார் போர்ட்ஸோ. "மிச்சத்த வெளிய நாய்கிட்ட கேட்டுக்க. இப்ப சொல்லுங்கடா, எதுக்கு இந்தக் கூத்து?"

லகாசா பன்றியை மறைக்கவில்லை. அந்தக் கூரைக்குள் இருந்துகொண்டு எப்படி மறைப்பான்? கேட்டுவிட்டுக் கிழவர் சூராபைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் லகாசாவைக் கேட்டார்.

"பைய எந்தப் பக்கம் எறிஞ்ச?"

லகாசாவின் முகம் அப்போதுதான் மாறியது. நாய் கடித்தபோதுகூட அப்படி மாறவில்லை.

"நம்ம பக்கம். துஷேத்திப் பக்கம்."

"அவன் எல்லைக்கோட்டுல உக்காந்து தின்னான். உள்ள கொண்டுவந்தது நீ."

கையைத் துணியால் கட்டிக்கொண்டு, பையை எடுத்துவர லகாசா எழுந்தான். கதவில் சாய்ந்து நின்றான். சூராபும் சுவரைப் பிடித்து எழுந்தான்.

"நீ எங்க மாப்ளே?"

"ஒத்தக் கையோட எப்படி எறங்குவ? எறங்கினாலும் அதத் தொடுவியா நீ? நான்தான் வரணும்."

கிழவர் நாய்களைக் கட்டிப்போட்டு, கயிறு ஒன்றைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். பை ஒரு பாறை இடுக்கில் கிடந்தது. மேலே நின்று கயிற்றைப் பிடித்தார்கள், சூராப் இறங்கினான். இனிப்பைப் பாதி அங்கேயே தின்று, பாதியை லகாசாவுக்குக் கொண்டுவந்தான். கணவாயைத் தாண்டிக் கீழ்நாட்டுப் பக்கம் பத்தடி வைத்ததும் உட்கார்ந்து, உடைந்த பல்லால் சாசேஜையும் தின்று முடித்தான். அதுவரை லகாசா முதுகைக் காட்டி நின்றான்.

கம்பளி ஏற்றிய லாரி ஒன்று அவர்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டது. பதினேழாவது வளைவில் லகாசா கூரையைத் தட்டி நிறுத்தச் சொன்னான். இரண்டு பேரும் சிலுவைக்கு முன்னால் போய் நின்றார்கள்.

"மச்சான், மேல நான் உங்கப்பாவப் பத்திச் சொன்னது... அது சர்க்கரை பேசினது."

"இல்ல. நீதான் பேசின." லகாசா புட்டியை எடுத்தான். "வண்டி கவுந்த அன்னிக்குக் காலையில அவருக்கு ஊத்திக் கொடுத்தது நான். ஏத்தம் குளிரும், இன்னொண்ணு குடிங்கப்பான்னு சொன்னேன்."

ஆறு கீழே இரைந்தது. லாரிக்காரன் ஒருமுறை ஹார்ன் அடித்தான். லகாசா இந்த முறை சிலுவைக்கடியில் ஊற்றவில்லை. ஒற்றைக் கையால் மூடியைத் திறக்க முடியாமல் புட்டியை சூராபிடம் நீட்டினான். சூராப் திறந்தான், மீதி அத்தனையையும் பள்ளத்தில் கொட்டினான், காலிப் புட்டியைத் தன் கிழிந்த பைக்குள் போட்டுக்கொண்டான்.

"தாரோ கேட்டா என்னடா சொல்ல?"

"மொதல்ல என்னைத்தான் அடிப்பா," என்றான் லகாசா. "அடிக்கட்டும். நடுவுல வராத."