மூன்று மணி டப்பா

ஞாயிற்றுக்கிழமை மதியம் அடுப்படி முழுக்க லிஃப்ட் மெக்கானிக்கின் ராஜ்யம். மேசைமேல் ஐந்து பிளாஸ்டிக் டப்பாக்கள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக நிற்கும். அடியில் சோறு, அதன்மேல் கோழியோ வேறு கறியோ, ஓரத்தில் வறுத்த உருளைக்கிழங்கு. மூடியை முழங்கையால் அழுத்தினால்தான் மூடும், அப்படி நிரப்புவான். பிறகு ஒயர்களில் சுற்றும் வெள்ளை டேப்பைக் கிழித்து ஒட்டி, திங்கள், செவ்வாய், புதன் என்று எழுதி ஃப்ரீசரில் அடுக்குவான்.

மனைவி நர்ஸ். நான்கு மாதமாக வாரத்தில் ஐந்து நாளும் அவளுக்கு இரவு டியூட்டி. மாலை ஆறரைக்கு அவள் கிளம்புவாள், ஏழுக்கு இவன் வருவான். காலை ஏழேகாலுக்கு இவன் கிளம்புவான், எட்டுக்கு அவள் வருவாள். ஒரே கட்டிலில் ஆளுக்குப் பாதி நாள் படுத்தார்கள். மற்றபடி குடும்பம் என்று மிச்சமிருந்தது அந்த ஐந்து டப்பாவில்தான்.

மாலையில் அவன் வரும்போது, முதல் நாள் இரவு அவள் டியூட்டிக்கு எடுத்துப்போன டப்பா பளிச்சென்று கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு: 'சூப்பர்.' கோழி போட்ட நாளென்றால் 'ரொம்ப சூப்பர்.' அந்தச் சீட்டுகளை அவன் ஸ்பேனர் பெட்டியின் அடித்தட்டில் சேர்த்து வைத்திருந்தான். யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு புதன்கிழமை மாலை, அவனுடைய டப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொன்று கவிழ்ந்திருந்தது. கண்ணாடி டப்பா. கைக்கடக்கமானது, நீல மூடி. மூடியில் அச்சடித்ததுபோல ஒரு கையெழுத்து:

'செவ்வாய் இரவு / புதன் காலை 3 மணி. மெதுவாகச் சாப்பிடவும்.'

முகர்ந்து பார்த்தான். எலுமிச்சை வாசனை. ஒரு ராத்திரிக்கு இரண்டு கிழமை உண்டு என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. அதையாவது விட்டுவிடலாம். 'மெதுவாக'வை எப்படி விடுவது?

'யார் டப்பா?' என்று சீட்டு எழுதி வைத்தான்.

மறுநாள் மாலை பதில் இருந்தது: 'ஆஸ்பத்திரி லேப்காரரோடது. பஸ்ல தூக்கக் கலக்கத்துல தெரியாம கொண்டுவந்துட்டேன்.'

சூப்பர் இல்லை. அன்று கோழியும் இருந்தது.

கூட வேலை செய்பவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். நிறுத்தினால்தான் நிற்பான். வாய் தவறி அவனிடம் சொல்லிவிட்டு, மெக்கானிக் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"கண்ணாடி டப்பாவா?" என்றான் ரேடியோ. "பிளாஸ்டிக்னா பயமில்ல மச்சான். கண்ணாடி உடையும். உடையிற பொருளை நம்பிக் குடுக்கிறான்னா, யோசிச்சுக்கோ."

"வாய மூடிட்டு அந்த கிரீஸ எடுடா."

"எடுக்கிறேன். மெதுவா எடுக்கவா?"

வெள்ளிக்கிழமை காலை மெக்கானிக் ஆபீசுக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, ஏழு மணிக்கே மருத்துவமனைப் பின்வாசலில் போய் நின்றான். ஊழியர்கள் சாப்பிடும் அறையின் கண்ணாடிச் சன்னல் வழியாக உள்ளே தெரிந்தது. தொட்டியருகே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஓர் இளைஞன் நின்றான். நல்ல உயரம். இரவெல்லாம் விழித்தும் கலையாத தலைமுடி. அவன் கையில் வெள்ளை டேப் ஒட்டிய பிளாஸ்டிக் டப்பா. மூலை முடுக்கெல்லாம் விரலை விட்டுத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, பக்கத்தில் நின்ற மெக்கானிக்கின் மனைவியிடம் நீட்டினான். அவள் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

தன் டப்பாவை இத்தனை நாள் பளபளக்க வைத்தது யார் கை என்று தெரிந்தபோது மெக்கானிக்கின் காது மடல் சுட்டது.

இளைஞனோடு வாசலுக்கு வந்ததும் அவள் திடுக்கிட்டாள். "நீங்க இங்க என்ன பண்றீங்க?"

அவன் வாய் திறக்குமுன் இளைஞன் முந்திக்கொண்டான். "அண்ணே! நீங்கதானா அது! நேத்து கோழி இருக்கே, ரொம்ப சூப்பர்ணே. தினமும் சிஸ்டர்கிட்ட சொல்லிவிடுறேனே, சொன்னாங்களா?"

ரொம்ப சூப்பர்.

ஸ்பேனர் பெட்டியின் அடித்தட்டு மெக்கானிக்கின் கண்முன் வந்து போனது. அத்தனை சீட்டும் அவளுடைய கையெழுத்து, இந்த ஆளின் நாக்கு.

"சொன்னா" என்றான்.

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"நான் எத்தனை மணிக்குச் சாப்பிடுவேன்னு நினைச்சீங்க?"

"ராத்திரிச் சாப்பாடு. ஒம்பதுக்கு."

"ஒம்பதுக்கு நீங்க சாப்பிடுவீங்க. எனக்கு மருந்து, ஊசி எல்லாம் முடிஞ்சு உக்கார மூணாயிடும். அந்த நேரத்துல அவ்வளவு சோறும் கறியும் போனா நெஞ்சுல தணலைக் கொட்டின மாதிரி இருக்கும். முதல் மாசம் முழுக்க முழுங்கிப் பாத்தேன். ஒரு நாள் வாந்தி எடுத்துட்டு ஸ்டோர் ரூம்ல உக்காந்து அழுதேன். அதுக்கப்புறம்தான் டப்பாவை மாத்திக்கிட்டோம். அவர் ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவாரு. எனக்கு முட்டையும் வேகவச்ச காயும் கொண்டு வருவாரு. அவ்வளவுதாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நாள் பூரா நின்னு சமைச்சிட்டு, டேப் ஒட்டும்போது ஒரு மூஞ்சி வச்சிருப்பீங்க பாருங்க. அதைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?"

"அந்த ஆளுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"பக்கத்துல இருந்தாரு. பாத்தாரு."

அவள் ஏதாவது பொய்க்கதை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இதற்கு என்ன சண்டை போடுவது? மனைவியின் வயிறு ஊரான் ஒருவனுக்குத் தெரிந்திருக்கிறது. தாலி கட்டியவனுக்குத் தெரியவில்லை.

அன்று மாலை அவள் கிளம்பும்முன் போனில் சொன்னான்: "இன்னைக்கு டப்பாவை எடுக்காத. எனக்கு வேணும்."

மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்தான். 'வெள்ளி' டப்பாவைச் சூடுபண்ணி மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முதல் கவளம் இறங்கியது. இரண்டாவது தொண்டையில் நின்று யோசித்தது. நான்காவதைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். எண்ணெய் விரலெல்லாம் வழிந்தது. இந்நேரம் அவள் நீல மூடியைத் திறந்துகொண்டிருப்பாள். மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். எதிர்நாற்காலியில் அந்தக் கலையாத தலைமுடி உட்கார்ந்திருக்கும். மெக்கானிக் எழுந்து கையைக் கழுவினான். நெஞ்செரிச்சல் விடியும்வரை நிற்கவில்லை. அது சோற்றால் வந்ததா என்று அவனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் ஐந்து சின்ன கண்ணாடி டப்பாக்கள் வாங்கி வந்தான். காயை வேகவைத்தான். தோலில்லாத கோழியை நீராவியில் வேகவைத்து நாராகக் கிழித்தான். சோறு ஒரு கைப்பிடிதான். டப்பா பாதிகூட நிறையவில்லை. பார்க்கவே அவனுக்குக் கை கூசியது. டேப்பில் எழுதினான்: 'திங்கள் இரவு / செவ்வாய் காலை 3 மணி.' சற்றுத் தயங்கி, கீழே எழுதினான்: 'மெதுவா சாப்பிடு.' 'சாப்பிடவும்' என்று எழுத அவன் என்ன லேப்காரனா?

செவ்வாய் மாலை வீட்டுக்கு வந்தபோது கண்ணாடி டப்பா கவிழ்ந்திருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். ஒரு மூலையில் சோற்றுப் பருக்கை ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. அரைத் தூக்கத்தில் அவளே கழுவியிருக்கிறாள். அவனுக்கு அந்தப் பருக்கைமேல் அளவில்லாத பிரியம் வந்தது.

பக்கத்தில் சீட்டு:

'உப்பு ரொம்பக் கம்மி. காய் குழைஞ்சு போச்சு. நெஞ்சு எரியல, வந்ததும் தூங்கிட்டேன். லேப்காரர் அவருக்கு வர்ற கோழி டப்பா எங்கன்னு கேக்குறார்.'

மெக்கானிக் ஸ்பேனர் பெட்டியைத் திறந்தான். அடித்தட்டிலிருந்த பழைய சீட்டுகளை ஒரே பிடியாக அள்ளிக் குப்பையில் போட்டான். புதிய சீட்டின் கடைசி வரியை மட்டும் விரல்நகத்தால் அழுத்திக் கிழித்தெடுத்து, அதையும் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினான்.