ஐந்தாவது கட்டம்

மனுவில் நான்கு கட்டங்கள் இருந்தன. நோய், மரணம், தீ, வெள்ளம்.

"இதுல ஒண்ணை டிக் பண்ணினாத்தான் தவணை கிடைக்கும்மா" என்றான் வரி அலுவலகக் குமாஸ்தா.

சலவைக்கடைக்காரி மனுவைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் காலி. வெள்ளிக்கிழமைக்குள் மொத்த வரியையும் கட்டாவிட்டால் அவளுடைய பெரிய சலவை மெஷினுக்குச் சீல் வைப்பதாக நோட்டீஸ் வந்திருந்தது. அவள் கேட்க வந்தது ஆறு மாதத் தவணை.

"என் காரணம் இதுல இல்லையே தம்பி."

"என்ன காரணம்?"

"நீங்கதான்."

அவன் பேனா மூடியைக் கடிப்பதை நிறுத்தினான்.

இந்த அலுவலகத்தின் ஜன்னல் திரைகளையும் நாற்காலிகளில் விரிக்கும் துண்டுகளையும் பதினான்கு மாதமாக அவள்தான் வெளுத்துத் தருகிறாள். பதினான்கு பில்களும் இதே கட்டடத்தின் மாடியில் கிடக்கின்றன. ஒன்றுக்கும் பணம் வரவில்லை. வரி மட்டும் வந்துவிட்டது.

"பில் போட்டாலே வருமானம்தாம்மா. கைக்கு வந்துச்சா இல்லையாங்கறதை நாங்க பாக்கறதில்ல."

"அப்ப மாடியில ஒரு வார்த்தை கேளுங்க."

"அது வேற பிரிவு."

"படிக்கட்டு ஒண்ணுதானே."

அவன் குரலைத் தாழ்த்தினான். "வீட்டுக்காரர் இருக்காரா?"

"தவறி ஆறு வருஷம் ஆகுது."

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல. மரணம்னு போடுங்க. வேலை முடிஞ்சுது."

அவள் மனுவைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அவர் தவறின மாசம்கூட வரியை நாள் தப்பாம கட்டினவ நான். செத்தவரை எதுக்கு இழுக்கறீங்க? தராம இருக்கறது உயிரோட இருக்கறவங்க."

மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

கடையில் தங்கை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"வெள்ளம்னு போட்டிருக்கலாமே அக்கா. நம்ம கடையில எந்நேரமும் தண்ணிதானே."

அக்கா சிரிக்கவில்லை. அலமாரியில் அலுவலகத் திரைகள் மடித்த நிலையில் இருந்தன. பன்னிரண்டு. மறுநாள் காலை கொடுக்க வேண்டியவை. மேலிருந்து இரண்டை மட்டும் எடுத்துப் பையில் வைத்தாள்.

மறுநாள் பத்து மணி. அதிகாரி அறையின் கிழக்கு ஜன்னல்கள் வெறுமையாக இருந்தன. வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. அவள் ஒரு திரையை மேசையில் வைத்தாள்.

"மத்ததெல்லாம் எங்கம்மா?"

"வரும் சார். தவணையில."

"விளையாடறீங்களா? எங்க பொருளை வச்சுக்கிட்டு இப்படிப் பேசினா போலீஸ்ல சொல்ல வேண்டி வரும்."

"சொல்லுங்க சார். போறப்ப பதினாலு பில்லையும் கையோட எடுத்துட்டுப் போங்க. மாடியிலதான் இருக்கு."

கதவோரம் நின்ற குமாஸ்தா தரையைப் பார்த்தான்.

அதிகாரி நாற்காலியை நகர்த்தினார். வெயிலுக்கு அது போதவில்லை. இன்னும் நகர்த்தினார். சுவர் இடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கையை நீட்டினார்.

"மனுவைக் குடுங்க."

நான்கு கட்டங்களுக்குக் கீழே அவள் ஸ்கேல் வைத்து ஐந்தாவதாக ஒன்று வரைந்திருந்தாள். பக்கத்தில், 'இந்த அலுவலகம் சலவைக் கூலி தரவில்லை.' கட்டத்துக்குள் டிக். அவர் அதை இரண்டு முறை படித்தார். அடிக்கப் பேனாவைக் கொண்டுபோனார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பேனா கீழே இறங்கி, ஆறு மாதம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது.

"இப்ப பாக்கித் திரையைக் குடுக்கறீங்களா?"

அவள் பையிலிருந்து இரண்டாவது திரையை எடுத்து முதல் திரையின் மேல் வைத்தாள்.

"மாசம் ரெண்டு சார். ஆறு மாசத்துல முடிஞ்சுடும்."