இருநூற்று எண்பத்தேழாம் பக்கம்

சலூன் கண்ணாடியின் வலது மூலையில் சோப்புத் துண்டால் எழுதப்பட்டிருந்த 287 என்னும் எண் நான்கு நாள்களாக மாறவில்லை. அதை முதலில் கவனித்தவர் தபால்காரர்.

"என்ன சபாநாயகரே, சபைய ஒத்தி வெச்சிட்டீங்களா? நாலு நாளா அதே பக்கத்துல நிக்கிறீங்க!"

"கொஞ்சம் வேலை ஜாஸ்திண்ணே," என்று சொல்லிவிட்டுச் சலூன்காரர் கத்தியைத் தீட்டத் தொடங்கினார். அது ஏற்கெனவே தீட்டிய கத்தி.

அந்தக் கடையில் காலை முழுவதும் அரசியல் பேசப்படும். பேச்சு சூடேறினால் நாற்காலியில் இருப்பவருக்கே முதலுரிமை என்று தீர்ப்பளிப்பவர் கடைக்காரர். அதனால் அவருக்குச் சபாநாயகர் என்று பெயர். அப்படிப்பட்டவரும் ஒரு பொருளில் மட்டும் கட்சி சார்ந்துவிடுவார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அந்தத் தெருவில் ஊர்வலத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது, ஊரே கதவடைத்துக்கொள்ள, அவருடைய தந்தை மட்டும் இதே கடையை அகலத் திறந்து வைத்து, வெள்ளைத் துணிகளைக் கிழித்துக் காயங்களுக்குக் கட்டுப்போட்டார் என்பதே அது. தந்தை மறைந்து எட்டு ஆண்டுகள் ஆகியும் மாதம் ஒருமுறையேனும் அந்தக் கதை அரங்கேறிவிடும்.

சென்ற மாதம் தபால்காரர் முகத்தில் நுரையோடு ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் சரிதான், சபாநாயகரே. எந்தப் புத்தகத்துல இருக்கு?"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அது சலூன்காரரின் நெஞ்சில் தைத்துவிட்டது. அவருடைய மனைவி பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடையில் கணினி இயக்குபவர். மதிய இடைவேளையில் இருவரும் அந்தக் கணினியின்முன் ஒரே ஸ்டூலில் பாதிப் பாதியாக அமர்ந்து தேடினார்கள். முதல் வாரம் கண்டதெல்லாம் விளம்பரங்கள் துள்ளும் பக்கங்களும், ஆளுக்கொரு எண்ணிக்கை சொல்லும் சண்டைகளும்தான். ஓரிடத்தில் ஊர்வலத்தின் ஆண்டே தவறாக இருந்தது. "கீழ என்னென்ன புத்தகத்தப் பாத்து எழுதினாங்கன்னு போட்டிருக்கான்னு பாருங்க. இல்லேன்னா அது சும்மா வாய்ப்பேச்சு," என்பார் மனைவி. அந்த வழியைப் பிடித்துச் சென்றபோது, மனித உரிமை அமைப்பு ஒன்றின் இணைய நூலகத்தில், அந்நிகழ்ச்சியை விசாரித்த குழுவின் அறிக்கை கிடைத்தது. இலவசம், ஆனால் நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் நிழற்படங்கள். சொல்லைத் தட்டித் தேட இயலாது. கண்ணால்தான் படிக்க வேண்டும்.

அன்றிலிருந்து, எத்தனையாம் பக்கம் வந்தோம் என்பதைக் கண்ணாடியில் எழுதும் வழக்கத்தை அவரே உண்டாக்கினார். வாடிக்கையாளர்கள் கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்டங்களைக் கேட்பதுபோல் கேட்டுப் போனார்கள். பெருமையில் செய்த அந்தக் காரியமே இப்போது அவரைச் சிறைப்படுத்தியது. கிடைக்கவில்லை என்று சொல்லவும் வழியில்லை. நின்றுபோன எண் அவரைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு மில் தொழிலாளியின் வாக்குமூலம் இருந்தது. முனையில் உள்ள முடிதிருத்தும் கடையின் இரும்புக் கதவைத் தட்டினோம். உள்ளே ஆள் இருந்தது தெரிந்தது. அரைமணி நேரம் திறக்கவில்லை. என் நண்பனின் காலிலிருந்து ரத்தம் படியில் வழிந்தது. பின்னர் அந்தக் காலை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தத் தெருமுனையில் அன்றும் இருந்தது இந்த ஒரு சலூன்தான்.

மனைவி அன்றே அடுத்த பக்கத்தையும் படித்துக் காட்டியிருந்தார். பிறகு கதவு திறந்தது. கடைக்காரர் ஒன்பது பேருக்குக் கட்டுப்போட்டார். இருட்டும்வரை கதவை மூடவில்லை.

"ரெண்டாவது பக்கத்த மட்டும் பிரிண்ட் எடுத்துக் குடு," என்றார் சலூன்காரர்.

"எடுக்கலாம்," என்றார் மனைவி. "ஆனா ஆமை ஓட்டுக்குள்ள தலைய இழுத்துக்கிச்சுன்னு எந்தக் கதையிலயாவது திட்டியிருக்காங்களா? வெளிய சுடுறாங்கங்க. உள்ள நின்னப்போ மாமாவுக்கு என்ன வயசு? உங்களுக்கு இப்போ இருக்கறதுல பாதி."

"அந்தக் கால் போனவருக்கு அத யாரு சொல்றது?"

மனைவி அச்சுப்பொறியை இயக்கினார். இரண்டு பக்கங்களையும் அச்செடுத்து, மடித்து, அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

நான்கு நாள்களாக அது அங்கேயே இருந்தது. அந்த நாள்களில் அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. கடையடைப்போ கலவரமோ, தெருவில் எல்லாக் கதவும் மூடிய பின்புதான் அப்பா தம் கதவை இழுப்பார். அதுவும் படியில் நின்று இருபுறமும் பார்த்துவிட்டு. அதை வீம்பு என்று எண்ணி மகன் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறார். அப்பா ஒருநாளும் காரணம் சொன்னதில்லை.

கத்தி தீட்டி முடிந்ததும் தபால்காரர் நாற்காலியில் சாய்ந்தார். ஒரு கன்னம் மழித்தாயிற்று. பெஞ்சில் மூவர் செய்தித்தாளைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தனர்.

"கிடைக்கலேன்னா விடுங்க, சபாநாயகரே. உங்கப்பாவ எனக்குத் தெரியாதா? நான் சும்மா வம்புக்குக் கேட்டேன்," என்றார் தபால்காரர், குரலைத் தாழ்த்தி.

கத்தி அந்தரத்தில் நின்றது. தப்பித்துக்கொள்ள அதைவிட அன்பான வாசலை எவரும் திறந்துவிட முடியாது. சலூன்காரர் கத்தியைக் கிண்ணத்தில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து தாள்களை எடுத்தார்.

"கிடைச்சுதுண்ணே. ஆனா நான் சொன்ன மாதிரி இல்ல. கேளுங்க."

முதல் பக்கத்தை மேலிருந்து படித்தார். கால் என்னும் சொல்லில் நிறுத்தினார். திரும்ப அதே வரியைத் தொடக்கத்திலிருந்து படித்தார். பெஞ்சில் செய்தித்தாள் மடியில் இறங்கியது. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக் கடந்தது. தபால்காரரின் மழிக்காத கன்னத்தில் நுரை காய்ந்து வெடிக்கத் தொடங்கியும் அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"அடுத்த பக்கமும் இருக்குல்ல?" என்றார் தபால்காரர். "படிப்பா."

சலூன்காரரின் விரல்களில் சோப்பு ஈரம். இரண்டு தாள்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கிழிந்துவிடாமல், ஓரத்தில் மெல்ல ஊதினார்.