முன்னறையில் ஆக்தோஷ்

தோக்தோபெக் கோட்டுப் பொத்தானைக் கழற்றி நாய்க்குட்டியை வெளியே எடுத்ததும் அனார்குல் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். குட்டி வேண்டுமென்று கேட்டது அவள்தான். மேய்ச்சல்காரர் வீட்டு நாய் ஈன்றிருக்கிறது என்று காதில் விழுந்த நாளிலிருந்து புருஷனைப் பிடுங்கியெடுத்து அனுப்பியதும் அவள்தான். ஆனால் மார்பில் மட்டும் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளை விழுந்த அந்தக் கறுப்பு உருண்டை அவன் கையில் நெளிந்து கொட்டாவி விட்டபோது, அவள் கண்ணில் பட்டது உள்ளே நெருக்கமாக நின்ற ஊசிப் பற்கள் மட்டும்தான்.

“முன்னறையில விடுங்க. என் பக்கம் கொண்டுவராதீங்க.”

“இதுக்காகவா என்னைப் பனியில மலையேற விட்ட?” என்றான் அவன். குட்டிக்கு ஆக்தோஷ் என்று வழியிலேயே பெயரும் வைத்திருந்தான். வெள்ளை மார்புக்காரன்.

மலையடிவார ஊரான கராகோலின் தெருக்களில் மின்மீட்டர் கணக்கெடுப்பது அனார்குலின் வேலை. வீடு வீடாக, முற்றம் முற்றமாக நடந்து பழகிய கால்கள். போன இலையுதிர் காலத்தில் ஒரு முற்றத்தில் நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்து அவள் கெண்டைக்காலைக் கவ்வியது. காயம் ஆறிவிட்டது, போட வேண்டிய ஊசியெல்லாம் போட்டாயிற்று. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தாலும் முழங்கால் தண்ணீராகிவிடும். வெளியே நின்றபடியே கூப்பிடுவாள். உள்ளே இருப்பவர்கள் எண்ணைச் சொல்வார்கள், இவள் எழுதிக்கொள்வாள். சிலர் பார்த்துச் சொன்னார்கள், சிலர் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். விஷயம் மேலதிகாரி வரைக்கும் போயிற்று. அவர் கெட்டவர் இல்லை. பிரசவ விடுப்பில் போனவளுடைய அலுவலக நாற்காலியில் இவளை உட்காரவைத்தார். பனி உருகியதும் அவள் திரும்பி வந்துவிடுவாள், அப்போது உனக்குத் தெரு இருக்கிறது, இல்லாவிட்டால் வீடு இருக்கிறது என்றும் சொல்லிவிட்டார். தெரு என்றாள் அனார்குல். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாள். அழுது முடித்தபோதுதான் நாய்க்குட்டி யோசனை வந்தது. பெரிய நாயைப் பார்த்தால் நடுங்குகிறதென்றால் சின்னதிலிருந்து தொடங்க வேண்டியதுதானே.

யோசனை வேறு, நாய் வேறு என்பது மறுநாளே தெரிந்துவிட்டது. கண்ணாடி அடைத்த முன்னறையைத் தாண்டாமல் வீட்டை விட்டு வெளியேற முடியாது. செருப்பும் பனிச்சப்பாத்தும் கரிவாளியும் அங்கேதான் இருந்தன. அவள் ஒரு சப்பாத்தை மாட்டுவதற்குள் மற்றதைக் குட்டி இழுத்துக்கொண்டு ஓடியது. கரியைக் கடித்துக் கருப்பாக எச்சில் வடித்தது. அவள் பாவாடை விளிம்பைக் கவ்வித் தொங்கியபோது அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

நாத்தனார் குலிபா வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள். நாய் இருக்கிற வீட்டுக்குள் வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள், நம் அப்பா காலத்தில் நாய் வாசலோடு சரி என்று தம்பியைப் பார்த்துச் சொன்னாள். பேச்சு அனார்குலுக்கானது. முன்னறை வாசலுக்கு வெளியேயும் இல்லை, வீட்டுக்கு உள்ளேயும் இல்லை, மலக்குகள் ஜன்னல் வழியாக வரட்டும் என்றான் தோக்தோபெக். குலிபா சிரிக்கவில்லை.

அனார்குல் அந்த ஞாயிற்றுக்கிழமை சுத்தியலை எடுத்தாள். கொட்டகையிலிருந்த ஆப்பிள் பெட்டிகளைப் பிரித்து, பலகைகளை வரிசையாக அடித்து, முன்னறையை இரண்டாகப் பிரித்து இடுப்புயரத் தடுப்பு போட்டாள். சப்பாத்துகள் மேல்தட்டுக்குப் போயின. கரிவாளி கொட்டகைக்குப் போனது. விளக்கு வயரை ஆணியடித்து உயரத்தில் கட்டினாள். குட்டியின் பக்கத்தில் பழைய கம்பளித் துண்டு, தண்ணீர்க் கிண்ணம், கடிப்பதற்கென்று முடிச்சுப் போட்ட கயிறு, இவ்வளவுதான். கெடுக்க ஒன்றுமில்லாத இடத்தில் எதைக் கெடுக்கும்? அதட்ட வேண்டியிருக்கவில்லை. அதட்டுகிற தைரியமும் அவளுக்கு இருக்கவில்லை.

சூப்பில் ஊறிய ரொட்டியை நீளக் கைப்பிடி அகப்பையால் தடுப்புக்கு மேலிருந்தே ஊற்றினாள். குட்டி பலகையில் முன்காலை வைத்துத் துள்ளினால் அகப்பை மேலே போகும். நாலு காலும் தரையில் பட்டால் கீழே வரும். கத்திக் கத்திப் பார்த்துவிட்டு ஒரு நாள் அது உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து அகப்பையைப் பார்த்தது. அனார்குல் அந்த அகப்பையைக் கொஞ்சம் நிறையவே சாய்த்தாள். சாப்பிட்டதும் முற்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் கம்பளி நாறும். அதற்கு, துடைப்பக் கழியின் நுனியில் கயிற்றைக் கட்டி, குட்டி தன்னை நெருங்கவே முடியாதபடி பிடித்துக்கொண்டு ஆப்பிள் மரம் வரை நடந்தாள்.

“நாயைக் கூட்டிட்டுப் போறியா, மீன் பிடிக்கிறியா?” என்றான் தோக்தோபெக்.

“சிரிங்க. பனி உருகட்டும், பாத்துக்கலாம்.”

கழி நாளுக்கு நாள் குட்டையானது. பிறகு வெறும் கயிறு. கையை நக்க விட்டாள், வேகமாகத் துடைத்துக்கொண்டாள். ஒரு சாயங்காலம் குட்டி விளையாட்டாகக் கவ்வியதில் புறங்கையில் ரத்தம் துளிர்த்தது. அவள் வீறிட்டுக் கையை உதறினாள். உதறிய கையை அது இன்னும் குஷியாகத் துரத்தியது. ஓடினாள், அதுவும் ஓடியது. கடைசியில் ஓட இடமில்லாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி, கைகளை அக்குளில் ஒளித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள். முதுகுக்குப் பின்னால் ஒரு நாய். அதைவிடப் பயங்கரமான ஒன்றை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் குட்டி உட்கார்ந்து தன் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து கடித்தால் சிலையாகிவிடுவாள். கடிப்பது குறைந்தது. உள்ளே நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் குறையவில்லை.

வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸுக்கு முந்தைய வாரம் குலிபாவும் அவள் புருஷனும் விருந்துக்கு வந்தார்கள். தட்டிலிருந்து எதையும் நாய்க்குப் போடக் கூடாது என்று அவர்கள் வந்ததுமே அனார்குல் சொல்லியிருந்தாள். நாய்க்குப் பத்தியமா என்று குலிபா முணுமுணுத்தாள். சாப்பாடு முடிந்து ஆண்கள் காரின் எஞ்சினைப் பார்க்கப் பட்டறைக்குப் போய்விட்டார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு முன்னறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. குரைப்பில்லை, ஊளையில்லை, இதுவரை கேட்டிராத சத்தம்.

ஆக்தோஷ் தலையைப் பலகையில் மோதிக்கொண்டிருந்தது. இரண்டு முன்காலாலும் வாயைப் பிறாண்டியது. எச்சில் கயிறாக வழிந்தது.

“ஒரு துண்டு எலும்புதான் போட்டேன். பாவமா பாத்துச்சு…” என்றாள் குலிபா. அவள் முகம் வெளுத்திருந்தது. “ஆம்பளைங்க வரட்டும்.”

போன் போட்டாள் அனார்குல். மணி சமையலறையிலேயே அடித்தது. தோக்தோபெக் போனை வைத்துவிட்டுப் போயிருந்தான்.

தடுப்பைத் தாண்டியது அவளுக்கு நினைவில்லை. கையிலிருந்த துண்டைக் குட்டியின் மேல் போட்டு, முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டாள். இடது கையால் மேல்தாடையைப் பிடித்துத் தூக்கினாள். எலும்பு அண்ணத்தின் குறுக்கே, இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே, உத்திரம்போல இறுகிக் கிடந்தது. ஒரு விரலால் நெம்பினாள், வழுக்கியது. இன்னும் உள்ளே விட்டாள். குட்டி வலியில் வாயை மூடியது. பற்கள் பெருவிரலில் இறங்கின. அவள் கெண்டைக்காலில் பழைய தழும்பு சுரீரென்றது. உடம்பு முழுக்க ஒரே சொல்லாக, கையை எடு என்றது.

எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, “இரு. இரு. இன்னும் கொஞ்சம்தான்,” என்றாள். அது குட்டிக்குச் சொன்னதா என்று அவளுக்கே தெரியாது. தாடை தளர்ந்த ஒரு கணத்தில் நகத்தை எலும்புக்குப் பின்னால் கொடுத்துத் தன் பக்கம் இழுத்தாள். அது ரத்தத்தோடு கம்பளியில் விழுந்தது.

குட்டி தண்ணீர்க் கிண்ணத்துக்கு ஓடி மூச்சு விடாமல் குடித்தது. அனார்குல் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் குலிபா வெந்நீர்க் கூஜாவும் பித்தளைத் தாம்பாளமும் எடுத்துவந்தாள். விருந்துக்கு வருகிறவர்கள் கை கழுவ இந்த வீட்டு மருமகள் ஊற்றுகிற கூஜா. இத்தனை வருஷத்தில் நாத்தனார் அதன் கைப்பிடியைத் தொட்டதில்லை. முன்னறைக்குள் வந்து, தடுப்புக்கு மேலாகக் குனிந்து, “நீட்டு,” என்றாள். அனார்குல் நீட்டிய விரல்களின் மேல் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள்.

ஏப்ரலில் அனார்குலுக்கு ஏரிப் பக்கத்துத் தெருக்கள் கிடைத்தன. முதல் முற்றங்களில் நாய் இல்லை. ஐந்தாறு வீடு தள்ளி, நீலக் கேட்டுக்குப் பின்னால் சங்கிலி சத்தம் கேட்காமலே ஒரு குரைப்பு வந்தது. முழங்கால் பழையபடி தண்ணீராயிற்று. தண்ணீராகட்டும் என்று தாழ்ப்பாளைத் தூக்கினாள்.

வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்த சாம்பல் நிற நாய் அவள் இடுப்பளவு இருந்தது. அனார்குல் ஓடவில்லை, கையை வீசவில்லை. மெல்ல ஒருக்களித்துத் திரும்பி, கூரையிலிருந்து சொட்டும் பனிநீரைப் பார்த்தபடி நின்றாள். குரைப்பு உறுமலானது. பிறகு அதுவும் நின்று, ஈரமான மூக்கு அவள் கோட்டு விளிம்பைத் தொட்டது. அன்று காலை ஆக்தோஷ் சாய்ந்து முகம் தேய்த்த இடம். நாய் அங்கே மூக்கை வைத்து முகர்ந்தது, நகர்ந்தது, மறுபடி வந்து முகர்ந்தது.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், நாயைப் பிடிக்க வரட்டுமா என்று பதறியது.

“மெதுவா வாங்கக்கா,” என்றாள் அனார்குல், திரும்பாமல். கூரை விளிம்பில் ஒரு துளி நீண்டு, வெயிலைப் பிடித்துக்கொண்டு, விழாமல் தொங்கியது. நாய் இன்னும் முகர்ந்துகொண்டிருந்தது.