பச்சைச் சன்னல்

டொக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். பிளோறன்ஸ் கணவனின் தாடையை வெள்ளைத் துணியால் கட்டி, உச்சியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சன்னலைத் திறக்க வேணும்," என்றாள் மகள் மெலனி. அவள் முதியோர் இல்லமொன்றில் தாதி. "ஆரும் செத்தால் எங்கட வேலையிடத்தில முதல் அதைத்தான் செய்யிறது. உயிர் வெளியில போக."

"எந்தச் சன்னலை?"

மெலனி சுவரைப் பார்த்தாள்.

ஜேர்மனியில் வுப்பர்டால் நகருக்கு வெளியே, ஒரு பிரபுவின் தோட்டத்து வாசலில் நிற்கும் காவல்வீடு அது. நடுவில் கல்வளைவு; ஒரு பக்கம் குசினி, மற்றப் பக்கம் படுக்கையறை. வண்டியில் வருகிறவர்களின் கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டுமென்று, படுக்கையறைப் பக்கத்து வெறுஞ்சுவரில் சன்னல் கதவுகளை மட்டும் பொருத்திக் கட்டியிருந்தார்கள். தோட்டக்காரனாக வந்த அவள் கணவன் ஜேசுரட்ணம் பன்னிரண்டு கோடையும் அந்தப் பொய்ச் சன்னலுக்குப் பச்சைப் பெயின்ற் அடித்தார்.

"வெளியில வடிவு, உள்ளுக்குக் கிடங்கு," என்பாள் பிளோறன்ஸ். "துரையிட்டை ஒருக்காக் கேளுங்கோவன், சுவரை வெட்டித் தரச் சொல்லி."

"பழைய கட்டடமப்பா. ஒரு கல்லையும் அசைக்க விடாயினம்." சிரிப்பார். "றோட்டால போறவையின்ர கண்ணுக்கு எங்களுக்கு ரெண்டு சன்னல். போதாதே?"

போன கிழமை மூச்சு முட்டி, அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினபோது அவள் சொல்லிவிட்டாள்: "அண்டைக்கு வாய் திறந்திருந்தால் இண்டைக்குக் காத்து வந்திருக்கும்."

அவர் திரும்பவில்லை.

பிளோறன்ஸ் செபமாலையை அவருடைய விரல்களில் சுற்றிவிட்டு வெளியே போனாள். பச்சைக் கதவின் கொண்டியில் கை வைத்தாள். பெயின்ற் பிடித்து இறுகியிருக்கும் என்று நினைத்தாள். எண்ணெய் விட்ட கொண்டி சத்தமில்லாமல் விலகியது.

உள்ளே செங்கல். அதன்மேல் பென்சிலால் கீறிய நீள்சதுரம். பக்கத்தில் அவருடைய சரிந்த எழுத்தில் அகலம், உயரம், 1998 என்று அவர்கள் இங்கே வந்த வருடம். கீழ் மூலையில் ஒரு கல்லைச் சுற்றிச் சாந்து சுரண்டப்பட்டு, பிறகு புதுச் சாந்தால் அடைக்கப்பட்டிருந்தது. அவள் அந்தச் சாந்துக் கோட்டில் விரலை வைத்து, கல்லைச் சுற்றி ஒருமுறை இழுத்தாள்.

"அம்மா, அப்பாவைக் கொண்டுபோக வாகனம் வருது. அதைச் சாத்துங்கோ. சனம் பாத்தால் என்ன நினைக்கும்?"

"கிடக்கட்டும் பிள்ளை."

வளைவைக் கடந்து குசினிப் பக்கம் போய், அங்கிருந்த சன்னல் கதவுகளையும் அதேயளவுக்கு விரியத் திறந்துவிட்டாள்.