பதினோராவது கெஸ்ட்ரல்

கேஸ் கட்டரின் நீலச் சுடர் பானெட்டைத் தொட ஒரு விரல்கடை இருக்கும்போதுதான் அந்த அம்மாள் வந்து விழுந்தாள்.

விழுந்தாள் என்றால் நிஜமாகவே. வெள்ளைக் கால்சட்டை, முத்துத் தோடு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக் கண்ணாடி, எல்லாவற்றோடும் அந்தப் பழைய காரின் மூக்கின் மேல் குப்புறப் பாய்ந்து, இரண்டு கைகளாலும் அதைக் கட்டிக்கொண்டாள்.

"வெட்டாதே! ஒரு அங்குலம்கூட வெட்டாதே!"

ரேலீன் சட்டென்று சுடரை அணைத்தாள். முகமூடியைத் தூக்கினாள்.

"உங்களுக்கென்ன பைத்தியமா? இன்னும் ஒரு நொடி போயிருந்தா உங்க காது வெந்திருக்கும்!"

"காது போனாப் போகட்டும், இன்னொண்ணு இருக்கு. இந்த மாதிரி வண்டி இன்னொண்ணு கிடையாது."

ஓஹையோவில் ஹேடன் கவுண்டி திருவிழாவின் கடைசி நாள். ஆகஸ்ட் வெயில் தகரக் கூரைகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. மணி நாலு இருபது. ஐந்து மணிக்கு மோதல் பந்தயம். இருபது ஓட்டை வண்டிகள் சேற்றில் இறங்கி ஒன்றையொன்று இடித்து நொறுக்கும். கடைசியில் எது நகர்கிறதோ அதற்குக் கோப்பை. தீப்பிடித்தால் தண்ணீர் பாய்ச்ச பானெட்டில் ஓட்டை இருந்தாக வேண்டும். இல்லையென்றால் பரிசோதகர் உள்ளே விடமாட்டார். அந்த ஓட்டையைத்தான் ரேலீன் போட இருந்தாள்.

ரேலீன் வோஸ்லருக்கு வயது முப்பத்தொன்று. தானியக் கிடங்குகள் கட்டும் கம்பெனியில் வெல்டர். போன இரண்டு வருஷமும் இறுதிச் சுற்றில் அவளை நசுக்கியவன் பெரியப்பா மகன் லைல். இந்த வருஷம் அவனை நசுக்காமல் வீடு திரும்புவதில்லை என்று ஊரறியச் சொல்லியிருந்தாள். அதற்காகவே ஒரு கொட்டகையிலிருந்து முந்நூற்றைம்பது டாலருக்கு இந்த 1966 ரோவன் கெஸ்ட்ரலை இழுத்து வந்தாள். இரண்டு கதவு கூபே. கண்ணாடிகளைக் கழற்றியாயிற்று. பின் சீட்டைப் பிடுங்கியாயிற்று. கதவுகளைச் சட்டத்தோடு பற்றவைத்தாயிற்று. பக்கவாட்டில் மஞ்சள் பெயிண்டில் 47 என்று எழுதியும் ஆயிற்று.

"இறங்குங்க. எனக்கு நேரமில்ல" என்றாள் ரேலீன்.

"என் பேரு மார்த்தா. பழைய வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போடற வேலை. மத்தியானம் உங்க திருவிழா இணையப் பக்கத்துல பந்தய வண்டி போட்டோ எல்லாம் பார்த்தேன். உன் வண்டி பானெட்டைத் திறந்துட்டு நின்னுச்சு. சாப்பாட்டைப் பாதியில விட்டுட்டு இண்டியானாவிலேர்ந்து நாலு மணி நேரம் ஓட்டிட்டு வரேன். மூணே மூணு கேள்வி. பதில் சொல்லு, இறங்கிடறேன்."

"கேளுங்க."

"ரேடியோவை நீ கழற்றினியா?"

"இருந்தாத்தானே கழற்ற? டேஷ்போர்டுல அதுக்கு ஓட்டையே இல்ல."

"ஹீட்டர்?"

"அதுவும் கிடையாது. எவனோ மகா கஞ்சன் வாங்கின வண்டி. நம்ம ஊர் ஜனவரிக் குளிர்ல ஹீட்டர் இல்லாம ஓட்டியிருக்கான். அவன் மூக்கு தனியா விழுந்திருக்கும்."

மார்த்தா சிரிக்கவில்லை. கண்கள் பளபளத்தன.

"கஞ்சன் இல்ல கண்ணு. வேகப் பைத்தியம். கால் மைல் நேர்ப் பந்தயத்துக்காக ரோவன் கம்பெனி சத்தமில்லாம சில வண்டி செஞ்சுது. வெளியிலேர்ந்து பார்த்தா பால்காரன் வண்டி மாதிரி இருக்கும். ஆனா எடை குறையணும்னு ரேடியோ, ஹீட்டர், கைப்பிடி மெத்தை, எதுவும் வைக்கல. மத்த வண்டியில என்ன இருக்குன்னு பார்த்து விலை சொல்வோம். இதுல என்ன இல்லைன்னு பார்க்கணும். கடைசியா ஒண்ணு ஏலத்துல மூணு லட்சத்து எண்பதாயிரம் டாலருக்குப் போச்சு."

ரேலீன் கையிலிருந்த கட்டர் தானாகத் தாழ்ந்தது.

"மூணாவது கேள்வி" என்றாள் மார்த்தா. குரல் இறங்கியிருந்தது. "பின் சீட்டு எங்கே? தொழிற்சாலையில ஒரு காகிதம் எழுதி சீட்டு ஸ்பிரிங்குக்குள்ள செருகி வைப்பாங்க. இந்த வண்டிக்கு என்னென்ன உண்டு, இல்லைன்னு எல்லாம் அதுல இருக்கும்."

ரேலீன் கட்டரைக் கீழே வைத்தாள். "வியாழக்கிழமை கொளுத்திட்டேன். எலி நாத்தம் தாங்கல."

மார்த்தா மெதுவாக பானெட்டிலிருந்து சரிந்து இறங்கி, டயரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைக் கால்சட்டை சேற்றை உறிஞ்சியது.

"அப்போ போச்சு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "காகிதம் இல்லேன்னா கதையும் இல்ல."

வெர்னன் ஸ்டாட்லர். நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய கார் கடை வைத்திருப்பவர். ஒரு கையில் எலுமிச்சை ஜூஸ், மறு கையில் குச்சியில் செருகிய பொரித்த சாசேஜ். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ!

"ரேலீன், வெளியூர்க்காரங்க பேச்சைக் கேட்டு ஏமாறாதே. நானும் கெஸ்ட்ரல் தெரிஞ்சவன்தான். மொத்தமே பத்து வண்டி. ஓஸ்டர்ஹவுஸ்னு ஒரு மனுஷர் புத்தகம் போட்டிருக்கார். ஏலக்காரனும் இன்ஷூரன்ஸ்காரனும் அதைப் பார்க்காம மூச்சு விடமாட்டான். பத்து வண்டியும் எங்கே நிக்குதுன்னு விலாசத்தோட எழுதியிருக்கார். பதினொண்ணுங்கிறது கட்டுக்கதை."

"அப்போ இது?" என்றாள் ரேலீன்.

"டூப்ளிகேட். ஹீட்டர் குழாய் போற ரெண்டு ஓட்டையையும் எவனோ தகடு வச்சு மூடி, தேய்ச்சு, பெயிண்ட் அடிச்சிருப்பான். இருந்தாலும் உன் முகத்துக்காக நாலாயிரம் தரேன். என் கடையில பந்தயத்துக்குத் தயாரா ஒரு வேன் நிக்குது. அதை எடுத்துட்டுப் போய் லைலை இடி. உனக்குக் காசும் ஆச்சு, பந்தயமும் ஆச்சு."

ஆசை காட்டத் தெரிந்த மனிதர். ரேலீனுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரே பேச்சில் இருந்தது. பரிசோதகரின் விசில் அடுத்த வரிசையில் கேட்டது. பதினைந்து நிமிஷம் இருக்கலாம்.

ஆனால் ஒரு சொல் மட்டும் அவள் காதில் கல்லாக உறுத்தியது. மூடி, தேய்ச்சு.

அவள் பானெட்டைத் திறந்து, தலையை உள்ளே விட்டாள். இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே நிற்கும் தடுப்புத் தகட்டின் மேல் கட்டை விரலை ஓட்டினாள். பிறகு ஜன்னல் வழியாக உள்ளே குதித்து, அதே இடத்தின் பின்பக்கத்தை விளக்கடித்துப் பார்த்தாள்.

வெல்டிங் என்பது பொய் சொல்லத் தெரியாத வேலை. முன்பக்கம் எவ்வளவு தேய்த்தாலும் பின்பக்கம் சூடு பட்ட தகடு சுருங்கி, நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். பத்து வருஷமாக மற்றவர்கள் வேலையில் குறை கண்டுபிடிப்பதற்கும் சேர்த்தே அவளுக்குச் சம்பளம். இங்கே சுருக்கமும் இல்லை, கறையும் இல்லை. தொழிற்சாலை அடித்த சாம்பல் நிறப் பூச்சு பால் போலப் படிந்திருந்தது.

"இதுல யாரும் ஓட்டையை மூடல" என்று உள்ளேயிருந்து கத்தினாள். "ஓட்டையே போடல."

"தகடு வேற வண்டியிலேர்ந்து மாத்தியிருப்பான்" என்றார் ஸ்டாட்லர், சாசேஜைக் கடித்தபடி.

இருக்கலாம். ரேலீன் கையைக் கதவில் ஊன்றி வெளியே வர எழுந்தாள். அப்படியே நின்றாள்.

கதவு!

நேற்று முன்தினம் இந்தக் கதவைப் பற்றவைக்கும்போது சுடர் பட்ட உடனே தகடு வெண்ணெயாக உருகி ஓட்டை விழுந்தது. ஒரு முறை அல்ல, நாலு முறை. இரண்டு கதவிலும். கை நடுங்குகிறது, வயசாகிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டு வேலையை முடித்தாள்.

கை நடுங்கவில்லை. தகடுதான்.

கருவிப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினாள். விளிம்பெல்லாம் வெட்டு வெட்டாக இருக்கும் வட்டத் தகடு ஒன்று உருண்டது. தகட்டின் கனம் பார்க்கும் கேஜ். அதில் எண் ஏற ஏறத் தகடு மெல்லிசு. கதவில் பெயிண்டை இருபுறமும் சுரண்டிவிட்டு, ஜன்னல் விளிம்பில் செருகினாள்.

"பக்கத்து வண்டி என்ன?"

"அதுவும் ரோவன்தான். அதே வருஷம்" என்றாள் மார்த்தா. எழுந்தே விட்டிருந்தாள்.

ரேலீன் ஓடிப்போய் அதையும் அளந்தாள். "இது இருபது கேஜ். நம்மது இருபத்து மூணு!" திரும்பி வந்து மறு கதவை அளந்தாள். "இதுவும் இருபத்து மூணு! டிக்கி மூடி... அதுவும்!"

"துரு தின்னிருக்கும்" என்றார் ஸ்டாட்லர். இந்த முறை சாசேஜைக் கடிக்கவில்லை.

"துருவா? வாங்க, விரலை வச்சுப் பாருங்க! பளபளன்னு இருக்கு. துரு என்ன, கேஜ் வச்சு அளந்து ஒரே சீராத் தின்னுமா? முந்நூற்றைம்பது டாலர் வண்டிக்கு எவன் மெல்லிசு தகட்டுல ரெண்டு கதவும் டிக்கியும் புதுசா அச்சடிச்சு டூப்ளிகேட் பண்ணுவான்? அவனுக்குத் தனியா ஒரு தொழிற்சாலை வேணுமே!"

மார்த்தா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "மெல்லிசு கதவு. பந்தய வண்டிகளுக்கு மட்டும் அப்படித்தான் அடிச்சாங்க. ஐயோ, அந்தக் கதவுலயா பற்றவச்சே?"

"அழகா எடுத்துடலாம், கவலைப்படாதீங்க. பற்றவச்ச கைக்குப் பிரிக்கத் தெரியாதா?"

"ஆறாயிரம்" என்றார் ஸ்டாட்லர்.

ரேலீன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "டூப்ளிகேட்டுக்கா, ஸ்டாட்லர் மாமா? நாலாயிரமே ஜாஸ்தின்னு இருந்தீங்களே!"

"பத்து. வேனும் உனக்கே!"

சுற்றிலும் ஹெல்மெட்டும் கையுமாகக் கூடிவிட்ட ஓட்டுநர்கள் ஓவென்று கத்தினார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு லைல் வந்தான்.

"என்னடீ, வண்டிக்குள்ள போகாம பேசிட்டே நிக்கறே? பயந்துட்டேன்னு மைக்ல சொல்லச் சொல்லட்டுமா?"

"சொல்லச் சொல்லுடா. நாப்பத்தேழாம் நம்பர் விலகிக்குதுன்னு சொல்லு. ஏன்னு கேட்டா, இடிக்க முடியாத அளவுக்கு ஒசத்தியான வண்டியாம்னு சொல்லு."

"என்ன ஒசத்தி?"

யாரோ அவன் காதில் தொகையைச் சொன்னார்கள். லைலின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: "ரெண்டு வருஷமா நான் நசுக்கினேன்டா. இவ ஒரு கீறல் விழாம என்னை நசுக்கிட்டா!"

அடுத்த நிமிஷம் ஒலிபெருக்கி அலறியது. மரப்படிகளில் உட்கார்ந்திருந்த இரண்டாயிரம் பேரும் எழுந்து நின்றார்கள். ரேலீன் சாவியைத் திருப்பினாள். கண்ணாடியில்லாத கெஸ்ட்ரல் உறுமியது. லைலும் மற்றவர்களும் வழிவிட, சேற்றின் ஓரமாகவே ஒரு சுற்று சுற்றி வந்தாள். இந்தக் களத்தில் எந்தக் கோப்பைக்கும் இப்படிக் கைத்தட்டல் விழுந்ததில்லை.

வண்டி நின்றதும் ஸ்டாட்லர் ஜன்னலில் குனிந்தார். கையில் தடித்த புத்தகம், தன் லாரியிலிருந்து எடுத்து வந்திருந்தார். முகத்தில் சிரிப்பு முற்றிலும் போயிருந்தது.

"ஆடி முடிச்சாச்சா? இப்போ கேளு. ஊரே கைத்தட்டினாலும் ஏலக்காரன் இதைத்தான் திறப்பான். இருநூற்றுப் பதினாலாம் பக்கம். 'பத்து மட்டுமே.' இந்த வரி இருக்கற வரைக்கும் உன் வண்டி தகரம். நீ அளந்ததை எவன் நம்புவான்? இந்த அம்மா சொன்னா எவன் கேப்பான்?"

அவர் சொல்வது உண்மை என்று மார்த்தாவின் முகமே சொன்னது.

"உண்மைதான்" என்றாள் மார்த்தா. "புத்தகத்தைக் கொடுங்க."

வாங்கினாள். புரட்டித் தேடவில்லை, திறந்ததும் அந்தப் பக்கம் வந்தது. கழுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். பையிலிருந்து பேனாவை எடுத்து, 'பத்து மட்டுமே' என்பதை ஒரே கோடாக அடித்தாள். மேலே 'பதினொன்று' என்று எழுதினாள். தேதி போட்டாள்.

"ஏய்! என் புத்தகத்துல கிறுக்க நீ யாரு?"

மார்த்தா ஓரத்தில் கையெழுத்திட்டாள்.

"ரோவன் தொழிற்சாலையில வேலை பார்த்த பெரியவர் ஒருத்தர் இருபத்தாறு வருஷம் முன்னாடி கடிதம் போட்டார், பதினோராவதுக்கு நானே கதவு மாட்டினேன்னு. காகித ஆதாரம் இல்லைன்னு ஒதுக்கியாச்சு. அந்தத் தப்பைத் திருத்தத்தான் சாப்பாட்டை விட்டுட்டு ஓடி வந்தேன். ஆனா என் பேச்சை நம்பி நீ ஒத்துக்கக் கூடாதுன்னு இருந்தேன். உன் கையாலேயே நீ கண்டுபிடிச்சே."

புத்தகத்தை மூடி ரேலீனிடம் நீட்டினாள். அட்டையில் பொன்னெழுத்தில் ஒரு பெயர்: எம். ஜே. ஓஸ்டர்ஹவுஸ்.

ரேலீன் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தாள். மை காயாத கையெழுத்திலும் அதே பெயர்தான் இருந்தது.